பாதி மூச்சில் எடுத்த மூன்று படங்கள்

சென்ற மாதம் அடையாறில் ஸ்கேன் டெக்னீஷியன்கள் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குச் சால்வை போடுகிற கூட்டம். எனக்கும் ஒன்று போட்டார்கள். பிறகு கேள்வி கேட்கலாம் என்றதும் ஒரு பெண் எழுந்து, உங்கள் காலத்தில் ஒரு நெஞ்சு ஸ்கேன் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் சார் என்று கேட்டாள். அரைமணி, சில பேருக்கு முக்கால் மணி என்றேன். சிரித்துவிட்டார்கள். இப்போது பத்து எண்ணுவதற்குள் முழு நுரையீரலும் வந்துவிடுகிறது. மூச்சை இழுங்கள், பிடியுங்கள் என்பதைக்கூட மெஷினே பதிவு செய்த குரலில் சொல்லிவிடுகிறது. அடுத்து ஒருவர், அந்தக் காலத்தில் இந்த வேலையில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டார். நான் இரண்டு பெயர்களைச் சொன்னேன். இரண்டு பேரும் ஆண்கள், இரண்டு பேரும் இப்போது உயிருடன் இல்லை. கைதட்டினார்கள்.

கிண்டியில் ரயிலுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. பிலோமினாவின் பெயரை நான் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டுவிடவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கியிருக்கிறேன். எழுபதை நெருங்குகிறேன். அவளைப் பார்த்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எக்ஸ்ரேயில் தொடங்கியவன். அரசு ஆஸ்பத்திரியில் இருட்டறை, ஈர ஃபிலிம், சோறு சாப்பிட்டாலும் விரலில் மருந்து வாடை என்று ஆறு வருஷம். பிறகு தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் புதிதாகத் திறந்த தனியார் ஸ்கேன் சென்டரில் சேர்ந்தேன். தலை, வயிறு, முதுகுத்தண்டு எல்லாம் அங்கே கற்றுக்கொண்டேன். நங்கநல்லூரில் ஒரு சின்ன வீடு, பழவந்தாங்கலிலிருந்து மாம்பலத்துக்கு ரயில், ரங்கநாதன் தெருக் கூட்டத்தைத் தாண்டி நடை. காலை ஏழே முக்காலுக்கு மெஷினை ஆன் செய்வது நான்தான். சீனியர் டெக்னீஷியன் தணிகாசலம் என்றால் அந்த வட்டாரத்து டாக்டர்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தலைமை டாக்டர் வரதராஜன். மயிலாப்பூரில் வீடு. தினமும் மாலை நான்கு மணிக்கு வருவார். வந்ததும் கை கழுவுவார், கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைப்பார், அப்புறம் விளக்குப் பெட்டி முன்னால் உட்காருவார். நோயாளியைப் பற்றிய தாளை முதலில் தொடவே மாட்டார். ஃபிலிமை மாட்டி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து முடித்த பிறகுதான் தாளைக் கேட்பார். தாளை முதலில் படித்தால் தாள் சொல்வதைத்தான் கண் பார்க்கும் என்பது அவர் கட்சி. அவருக்குப் பாராட்டத் தெரியாது, திட்டவும் தெரியாது. "இத யாரு எடுத்தா?" என்று மட்டும் கேட்பார். படம் நன்றாக இருந்தாலும் அதே கேள்வி, மோசமாக இருந்தாலும் அதே கேள்வி, அதே குரல். பதில் சொன்ன பிறகு ஃபிலிமை வலது பக்கம் வைத்தால் நல்லது. முகம் கவிழ்த்து இடது பக்கம் வைத்தால் மறுபடி எடுக்க வேண்டும். பத்து வருஷம் அந்த வலது பக்கத்துக்காகவே நான் வேலை செய்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெஞ்சை நுணுக்கமாக ஸ்கேன் எடுக்கும் முறை எங்களிடம் வந்தது. சாதாரண ஸ்கேனில் நுரையீரலைத் தடித்தடியான துண்டுகளாகப் பார்ப்போம். இதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்தில், சென்டிமீட்டருக்கு ஒன்றாக, கழுத்தடியிலிருந்து உதரவிதானம் வரை இருபத்தைந்து வெட்டுக்குமேல் எடுக்க வேண்டும். நுரையீரலுக்குள் வலை பின்னியதுபோல் தழும்பு இருந்தால், பனிமூட்டம்போல் வீக்கம் இருந்தால், எக்ஸ்ரேயில் தெரியாதது இதில் தெரியும். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் நோயாளி மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் வெட்டுக்கு எவ்வளவு இழுத்தாரோ, இருபதாவது வெட்டுக்கும் அவ்வளவே இழுக்க வேண்டும். கூடக் குறைய ஆனால் மட்டம் மாறி, நடுவில் ஒரு பகுதி படத்தில் வராமலே போய்விடும். சிலருக்குக் கவிழ்ந்து படுக்கவைத்தும் எடுக்க வேண்டும். இன்னும் சிலருக்கு மூச்சை முழுக்க வெளியே விட்டு, விட்ட இடத்திலேயே நிறுத்தி மூன்று வெட்டு எடுக்க வேண்டும். மூச்சுத் திணறல் என்று வந்தவரிடம், விட்ட மூச்சை இழுக்காதே என்று சொல்கிற வேலை இது.

மெஷின் விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அளவு, மட்டம், படத்தின் கறுப்பு வெள்ளை எல்லாம் எனக்கு அத்துப்படி. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில், மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க என்பேன். உள்ளே படுத்திருப்பவர் பிடிக்கவில்லை என்றால் இன்னும் சத்தமாகச் சொல்வேன். அவ்வளவுதான் என் முறை.

பிலோமினா எங்களிடம் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும், என்னைவிட ஒன்பது வயது சின்னவள். சாந்தோமில் வீடு. ஒல்லியான உடம்பு, காதில் பொட்டுத் தோடு, கையில் எப்போதும் ஒரு நீல மூடி வைத்த தண்ணீர் பாட்டில். மெஷின் வேலையை நான்தான் அவளுக்குக் காட்டினேன். ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டாள். அதுவரை எனக்கு அவளைப் பிடித்தும் இருந்தது.

அவள் நெஞ்சு கேஸ் வந்தால் உடனே உள்ளே அழைத்துப்போக மாட்டாள். வெளியே வராந்தா பெஞ்சில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கால்மணி நேரம் பேசுவாள். சொந்த ஊர், வேலை, சாப்பாடு என்று என்னென்னவோ. பேச்சுக்கு நடுவில் அவர்கள் வயிற்றில் கை வைத்து, இங்கிருந்து இழுங்க என்று சொல்லிப் பழக்குவாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, கச்சேரி ஆரம்பிச்சாச்சு என்று கிளார்க்கிடம் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் உள்ளே போய்ப் படுத்தவுடன் அந்த நோயாளிகள் அவள் குரலுக்குக் கட்டுப்பட்டு மூச்சு இழுத்தார்கள். இருபத்தைந்து வெட்டும் ஒரே மட்டத்தில் வந்தன. டாக்டர் வரதராஜன் இத யாரு எடுத்தா என்று கேட்டு, வலது பக்கம் வைத்தார். மறுநாளும் வைத்தார். அந்த வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டு, நெஞ்சு கேஸெல்லாம் இனி பிலோமினாவிடம் கொடுத்துவிடு என்று சாதாரணமாகச் சொன்னார். டீ வாங்கி வரச் சொல்வதுபோல் இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது. டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் பெயரைச் சொல்கிறார் என்று காது தானாக எண்ணத் தொடங்கியது. அவள் எடுத்த ஃபிலிம்களை அவள் போன பிறகு உறையிலிருந்து எடுத்து, டாக்டருடைய பூதக்கண்ணாடியை வைத்துக் குறை தேடினேன். சில நாள் கிடைத்தது, பல நாள் கிடைக்கவில்லை. கிடைக்காத நாளில் இராத்திரி சோறு இறங்காது. நேரம் ஒதுக்குகிற வேலை என்னிடம் இருந்ததால் நெஞ்சு கேஸ்களை அவள் சாப்பாட்டு நேரத்தில் போட்டேன். அவள் டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கோபமாக வந்தது.

யாருக்கும் தெரியாமல் அவள் பேசும் விதத்தை வீட்டில் பழகிப் பார்த்தேன். என் மனைவி சாரதாவைப் பாயில் படுக்கச் சொல்லி, வயிற்றிலிருந்து இழும்மா, மெதுவா, இன்னும் கொஞ்சம் என்று குழைந்தேன். அவள் பாதியில் சிரித்துவிட்டாள்.

"இது உங்க குரலே இல்லீங்க. யார மாதிரிப் பேசறீங்க?"

பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். மறுபடி பழகவில்லை.

ஏழுமலை வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடிசையில் இருந்தவர், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. நாற்பது வயதுக்குள் இருக்கும். எட்டு மாதமாக இருமல், மாலையில் காய்ச்சல், இரண்டு படி ஏறினால் இளைப்பு. பக்கத்து கிளினிக்கில் சளியில் ஒன்றும் இல்லாமலே டி.பி. மாத்திரை கொடுத்துச் சாப்பிட வைத்திருந்தார்கள். கேட்கவில்லை. அடையாறில் ஒரு நுரையீரல் டாக்டரம்மா அவருக்கு வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு எங்களிடம் அனுப்பினார். மூச்சு இழுத்தும் எடுக்க வேண்டும், விட்டும் எடுக்க வேண்டும் என்று தாளில் கோடு போட்டு எழுதியிருந்தார். காரணம் எங்களுக்குத் தெரியும். சில நோய்களில் சின்னச் சின்ன மூச்சுக் கிளைகள் அடைத்துக்கொள்ளும். முழுக்க மூச்சு விட்டாலும் அங்கங்கே காற்று வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். மூச்சு விட்ட படத்தில் நல்ல பகுதி சாம்பல் நிறமாக மாறும், காற்று சிக்கிய பகுதி கறுப்பாகவே நிற்கும். இழுத்த படத்தில் மட்டும் பார்த்தால் ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும்.

அன்றைக்கு பிலோமினா லீவு. வேளாங்கண்ணி போயிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு ஒரு நெஞ்சு கேஸ் என் கைக்கு வந்தது. எனக்கு உள்ளுக்குள் திருவிழாதான்.

இழுத்த மூச்சில் எடுத்த வெட்டுகள் அபாரமாக வந்தன. என் வாழ்நாளிலேயே அவ்வளவு நேர்த்தியாக எடுத்ததில்லை. ஏழுமலை நல்ல மனிதர், சொன்னதைச் செய்தார். விடும் மூச்சில்தான் தகராறு. முக்கால்வாசி விட்டதும் இருமல் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி இருமல். மைக்கில் சத்தம் போட்டேன்.

"முடில சார். உட்டா இருமிகினே வருது. கொஞ்சம் உள்ள வெச்சிக்கினா சும்மா கீது."

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அல்லது தாளில், நோயாளியால் முடியவில்லை என்று எழுதியிருக்கலாம். எழுதினால் டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பிலோமினா வந்தப்புறம் வரச் சொல்லு என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சரி, கொஞ்சம் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஏழுமலையிடம் சொன்னேன். பாதி மூச்சில் மூன்று வெட்டு எடுத்தேன். படத்தின் கீழே, மூச்சு விட்ட நிலை என்று டைப் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். மார்கழி மாதம், அன்று மாலை அவர் ஒரு கச்சேரி கேட்கப் போக வேண்டும், அவசரத்தில் இருந்தார். வழக்கம்போலக் கேட்டார், நான் என்றேன். ஃபிலிமை வலது பக்கம் வைத்தார். வைத்துவிட்டு, பிலோமினாவுக்குக்கூட ஒரு நாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நன்னா வந்திருக்கு."

ரிப்போர்ட்டில், குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் இல்லை, காற்றுச் சிக்கலும் இல்லை என்று வந்தது. நான் மாம்பலம் ஸ்டேஷனில் சாரதாவுக்கு முழம் மல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று வாரம் கழித்து ஏழுமலையின் மனைவி செல்வி அதே ஃபிலிம் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவர் ரொம்ப மோசமாகிவிட்டார். எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா தன் சந்தேகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு டி.பி. மாத்திரையையே தொடரச் சொல்லியிருந்தார். இப்போது வேறு வழியில்லாமல், நெஞ்சைத் திறந்து நுரையீரலில் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது என்று முடிவாகியிருந்தது. எந்த இடத்தில் எடுப்பது என்று எங்கள் டாக்டரிடம் குறித்து வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள்.

"மாத்திர துன்னுகினுதான் கீறாரு. இப்ப தட்டுல சோறு போட்டா அத எட்டி எடுக்கவே மூச்சு வாங்குது. இவுங்க இன்னான்னா அறுக்கணும்ன்றாங்க" என்றாள் செல்வி. கவுண்டரில் உறையை வாங்கியது பிலோமினா.

அவள் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். அவள் கண் நுரையீரலுக்கே போகவில்லை. நடுவில் இருக்கிற மூச்சுக்குழாயைப் பார்த்தது. முழுக்க மூச்சு விட்டால் மூச்சுக்குழாயின் பின்சுவர் உள்ளே தள்ளிப் பிறைபோல ஆகிவிடும். என் மூன்று படங்களிலும் அது காசு மாதிரி வட்டமாக இருந்தது. செல்வியை உட்காரச் சொல்லிவிட்டு என்னை இருட்டறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணா, இது வெளிய உட்ட மூச்சு இல்லையே."

அவரால் முடியவில்லை என்றேன்.

"அப்ப முடியலன்னு எழுதியிருக்கலாமே."

நான் இருட்டறைக்குள் போய்விட்டேன். அவளும் நிற்கவில்லை. டாக்டர் வரும்வரை காத்திருந்து, ஃபிலிமை மாட்டி, மூச்சுக்குழாயைப் பேனா முனையால் காட்டினாள். மறுபடி எடுக்க அனுமதி கேட்டாள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். டாக்டர் வெகு நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எப்படி இப்படி ஆச்சு என்றார். அன்றைக்கு நோயாளிக்கு இருமல் ரொம்ப அதிகம், அண்ணன் முடிந்தவரை முயற்சி செய்திருக்கிறார் சார் என்று அவள் சொன்னாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

காட்டிக்கொடுத்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னைக் காப்பாற்றியதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை ஏழுமலையை ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். பிலோமினா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஃபிலிம் அடுக்குகிற சாக்கில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என்ன வேலை, எந்தெந்தத் தெருவில் பெயிண்ட் அடித்தீர்கள் என்றெல்லாம் விசாரித்தாள். மூச்சை விடச் சொன்னாள். இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தாள். மறுபடி விடச் சொன்னாள், மறுபடி இருமல். அரைமணி ஆகியிருக்கும். அவள் குரல் ஏறவே இல்லை. சலித்துப்போய், மூச்சை நீளமாக விடுகிற மாதிரி எதுவுமே நீங்கள் செய்வதில்லையா, பாட்டு, ஊதுகுழல், எதாவது என்று கேட்டாள். அவர் தயங்கினார். செல்வி முந்திக்கொண்டு சொன்னாள்.

"விசில் உடுவாரும்மா. புறாவக் கூப்ட."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. குடிசைக்கு மேலே கூண்டு கட்டி நாற்பது பந்தயப் புறா வளர்த்தார் ஏழுமலை. விடிந்ததும் கூண்டைக் கூட்டிப் பெருக்குவது அவர்தான். வீட்டில் பிராணி ஏதாவது வளர்க்கிறீர்களா என்று டாக்டரம்மா முன்பே கேட்டிருக்கிறார். புறாவை விற்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, நாய் பூனை எதுவும் இல்லை என்று ஏழுமலை சொல்லிவிட்டார்.

புறா எச்சமும் இறகுத் தூளும் சிலருடைய நுரையீரலைக் கெடுக்கும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அந்த இடத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எப்படிக் கூப்பிடுவீர்கள், காட்டுங்கள் என்றாள். அவர் உதட்டைக் குவித்து ஊதினார். மெல்லிய, நீளமான விசில். கடைசிச் சொட்டுவரை போனது, இருமல் வரவில்லை.

"இதையேதான் உள்ள படுத்துக்கினு பண்ணணும். சத்தம் வேணாம், காத்து மட்டும். விசில் முடியிற எடத்துல அப்படியே நில்லுங்க. நான் சொன்னதும் இழுத்துக்குங்க."

மூன்று வெட்டும் முதல் தடவையிலேயே வந்தன. திரையில் நான் பார்த்தேன். மூச்சுக்குழாய் பிறையாக இருந்தது. நுரையீரல் எங்கும் சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக, தரையில் ஓடு பதித்ததுபோல் இருந்தது. அத்தனை இடத்திலும் காற்று சிக்கியிருந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் ஏழுமலை பிழைப்பாரா என்ற நினைப்பு வரவில்லை. நான் ஒரு தடவைகூட அவரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லையே என்றும் தோன்றவில்லை. அந்த விசில் எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்றுதான் வயிறு எரிந்தது.

படத்தோடு புறா விஷயமும் டாக்டரம்மாவுக்குப் போனது, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று ஆயிற்று. டி.பி. மாத்திரை நின்றது, வேறு மருந்து தொடங்கினார்கள். புறாக்களைத் தரமணியிலிருந்த மைத்துனனிடம் ஒப்படைத்துவிட்டு, கூண்டைப் பிரித்துப் போட்டார்கள். இரண்டு மாதத்தில் ஏழுமலை நடந்து வந்தார். ஆனால் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் தழும்பு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரால் ஏணி ஏற முடியவில்லை. கோட்டூர்புரத்திலேயே ஒரு அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். அந்த மூன்று வாரம் வீணாகாமல் இருந்தால் தழும்பு விழுந்திருக்காதா என்று ஒருமுறை வேறு யாருக்கோ கேட்பதுபோல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இன்றைக்கும் என்னிடம் இருக்கும் பதில் அதுதான்.

பிலோமினாவுக்குக் கடன்பட்டு அந்தச் சென்டரில் நடமாடுவது எனக்கு நாளுக்கு நாள் கஷ்டமாக இருந்தது. பத்து நாள் கழித்து டாக்டர் தனியாக இருக்கும்போது போய், அந்த மூன்று படங்களும் பாதி மூச்சு என்று தெரிந்தேதான் அப்படி டைப் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். மனசாட்சி உறுத்திச் சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவள் போட்ட பிச்சை வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

வேலை போகும் என்று நினைத்தேன். டாக்டர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கீழ நீ போட்டிருந்ததப் படிச்சுட்டேன். படத்தப் பாக்கல. முப்பது வருஷமா நுரையீரலப் பாக்கறேன், மூச்சுக்குழாயப் பாக்கணும்னு எனக்குத் தோணல. ஃபிலிமக் கவர்ல போட்டுண்டு நிக்கற பொண்ணுக்குத் தோணியிருக்கு."

கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். இரண்டு வருஷமாக எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்த அதே குரல். அவ்வளவு பெரிய டாக்டர், அத்தனை பேர் கைகட்டி நிற்கிற மனிதர், ஒரு டெக்னீஷியன் பெண்ணைப் பார்த்து என்னைப் போலவே வெந்துகொண்டிருந்தார். நான் தலை குனிந்து நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. மேஜை மேல் இருந்த தாள்களைச் சரி செய்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சு கேஸை நீயே பார்த்துக்கொள், அவள் தலை ஸ்கேனுக்கு மாறட்டும் என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை எழுதத்தான் இத்தனை பக்கமும் தயங்கிக்கொண்டு வந்தேன். தப்புச் செய்தவன் நான், கண்டுபிடித்தவள் அவள். நாற்காலி எனக்கு வந்தது. ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பிலோமினா காரணம் கேட்கவில்லை. தலை ஸ்கேனில் மூச்சுப் பிடிக்கச் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது, ஆடாமல் படுத்தால் போதும். அவள் பெஞ்சில் உட்காருவது நின்றுபோயிற்று. நான் அந்த பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டு, என்ன வேலை, வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டேன். என் குரல் குழையவில்லை, ஆனாலும் கேட்டேன். படங்கள் சுமாராக வந்தன. டாக்டர் எல்லாவற்றையும் வலது பக்கமே வைத்தார். இடது பக்கம் வைக்க வேண்டியதையும் வலது பக்கம் வைத்தார். அதற்குப் பிறகு அந்த வலது பக்கத்தின்மேல் எனக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

ஒன்றரை வருஷம் கழித்து மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஸ்கேனுக்கு ஆள் எடுத்தார்கள். பிலோமினா விண்ணப்பம் போட்டாள். அனுபவக் கடிதம் வேண்டும். டாக்டர் கொடுத்த கடிதத்தில், ஸ்கேன் டெக்னீஷியனாகப் பணிபுரிந்தார், நடத்தை நன்று என்று இரண்டே வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இத வச்சு அவங்க எடுக்க மாட்டாங்க. நான் நெஞ்சு கேஸ் பண்ணேன்னு ஒரு வார்த்த சேக்கணும். நீங்க எழுதிக் குடுத்தா சார் கையெழுத்துப் போடுவாரு."

சார் ஏன் எழுதவில்லை என்று அவள் கேட்கவில்லை. என்னிடம் ஏன் வந்தாள் என்று நானும் கேட்கவில்லை. அன்றைக்கு வேலை முடிந்ததும் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சீக்கிரம் முடித்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். எழுத எழுத நீண்டது. எத்தனை வருஷம் நெஞ்சு ஸ்கேன் எடுத்தாள், கவிழ்த்துப் படுக்கவைத்து எடுப்பதிலும் மூச்சை விட வைத்து எடுப்பதிலும் அவள் தேர்ச்சி என்ன, திணறுகிறவர்களை எப்படிப் பழக்குவாள், தவறாக வந்த படத்தை எப்படிக் கண்டுபிடிப்பாள் எல்லாம் வந்தது. அந்தத் தவறு யாருடையது என்று மட்டும் எழுதவில்லை. கடைசியில் ஒரு வாக்கியம் வந்தது. அதை எக்ஸ் போட்டு அழித்தேன். தாளை மாற்றி முதலிலிருந்து டைப் செய்து, அந்த இடம் வந்ததும் மறுபடி எழுதினேன். இந்த வேலையை இவரைவிட நன்றாகச் செய்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு எழுத்தும் விரலைக் குத்தியது.

மறுநாள் டாக்டர் முன்னால் வைத்தேன். முழுக்கப் படித்தார். இவ்வளவு வேணுமா என்றார்.

"வேணும் சார். எல்லாம் உண்மைதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு வேலை கிடைத்தது. போகிற நாளில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். டாக்டர் அறைக்குள் போய்க் கண் கலங்கிவிட்டு வந்ததாக கிளார்க் சொன்னான். சார் தன்னைப் பற்றி இப்படி நினைத்திருக்கிறார் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னாளாம். நான் லட்டைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட ஒரு வார்த்தைதான் என்னுடையது, மீதியெல்லாம் சார் எழுதியது என்று நினைத்திருக்கிறாள்; எல்லாம் நான்தான் எழுதினேன் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அங்கே அவள் பெரிய ஆளாகிவிட்டாள், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள் என்று அவ்வப்போது காதில் விழும். விழும்போதெல்லாம் நெஞ்சுக்குள் சுருக்கென்று ஒன்று குத்தும். இப்போதும் குத்துகிறது. நான் இன்னும் பதினாறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான நெஞ்சுகளைப் படமெடுத்து, கௌரவமாக ஓய்வு பெற்றேன். எனக்கும் ஒரு கடிதம் கொடுத்தார்கள். நல்ல தாளில் அச்சடித்த கடிதம். பீரோவில் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை எடுத்துப் படித்திருக்கிறேன். நேரம் தவறாதவர், நாணயமானவர் என்றெல்லாம் இருக்கிறது. பிலோமினாவைப் பற்றி நான் எழுதிய அந்த வாக்கியம் மாதிரி ஒன்றை என்னைப் பற்றி யாரும் எழுதவில்லை.